ஷோ நடுவில் கரண்ட் போனால்: கோபி ஆபரேட்டருக்குப் பதில்

கேள்வி: அண்ணா, கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு ஒற்றைத் திரை ஏ.சி. தியேட்டரில் போன தை மாசத்திலிருந்து ஆபரேட்டராக இருக்கிறேன். 3 கிலோவாட் ஜெனான் லேம்ப் புரொஜெக்டர், 62.5 கே.வி.ஏ. ஜெனரேட்டர். ஆடி பிறந்ததிலிருந்து காத்துக்கு ஷோவுக்கு ஒரு தடவையாவது கரண்ட் போகிறது. ஜெனரேட்டர் 15, 20 விநாடியில் வந்துவிடுகிறது. ஆனால் படத்தைச் சேமித்து ஓட்டும் சர்வர் அணைந்து திரும்ப எழ ஐந்தாறு நிமிஷம் ஆகிறது. அதற்குள் கீழே விசிலும் கத்தலும். மேனேஜர் மாடியேறி வந்து "லேம்ப்ப அடிங்க, லேம்ப்ப அடிங்க" என்கிறார். ஈ.பி. கரண்ட் வந்து மாறும்போது இன்னொரு தரம் எல்லாம் நிற்கிறது. போன மாசம் லேம்ப் வாரன்ட்டி மணிக்கு முன்பே போய்விட்டது. நான்தான் கெடுத்தேன் என்கிறார் முதலாளி. சென்டர் ஸ்பீக்கரில் வசனம் மங்கலாகக் கேட்கிறது. சர்வருக்கு வீட்டு இன்வெர்ட்டர்தான் கொடுத்திருக்கிறோம். நான் என்ன செய்யட்டும்?

பதில்: தம்பி, லேம்ப் போன பழியை முழுதாக உங்கள் தலையில் போட்டுக்கொள்ள வேண்டாம். அதற்குப் பிறகு வருகிறோம். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். கரண்ட் போவதால் தியேட்டர் சாமான் கெடுவது குறைவு. கரண்ட் திரும்பி வருகிற அந்த ஓரிரு விநாடியில்தான் லேம்ப், ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர், கம்ப்ரஸர் எல்லாம் அடி வாங்குகின்றன. அத்தனையும் ஒரே நேரத்தில் எழ முயல்வதுதான் காரணம். எது முதலில் எழ வேண்டும், எது காத்திருக்க வேண்டும் என்ற வரிசையை நீங்கள் கையில் எடுத்துக்கொண்டால், நீங்கள் எழுதியதில் முக்கால்வாசிக் கோளாறு தீர்ந்துவிடும்.

கரண்ட் போனதும் ஜெனரேட்டர் வருவதற்கு உங்களுக்குக் கிடைப்பது 15 விநாடி. அந்த 15 விநாடியில் செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்று. ஆம்ப்ளிஃபையர் ரேக்கின் எம்.சி.பி. சுவிட்சைக் கீழே தள்ளுங்கள். வேறு எதையும் தொடாதீர்கள். சவுண்ட் புராசஸர் உயிர் பெறும்போது அதன் அவுட்புட்டில் ஒரு துள்ளல் வரும். அந்நேரம் ஆம்ப்ளிஃபையர் விழித்திருந்தால் அந்தத் துள்ளலை அப்படியே பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பிவிடும். "டொம்" என்று ஒரு சத்தம் கேட்குமே, அதுதான். அதனால் புராசஸர் முழுதாக எழுந்த பிறகே அந்த எம்.சி.பி.யைத் திரும்பப் போடுங்கள். கனத்த சத்தம் தரும் ஊஃபர் தாங்கிக்கொள்ளும். மேல் சத்தம் வரும் புனலான ஹார்னுக்குப் பின்னால், அந்தச் சத்தத்தை எழுப்பும் டிரைவரின் டயஃப்ரம் மெல்லிய தகடு, அது தாங்காது. வசனம் முழுக்க சென்டரில்தான் வருகிறது என்பதால் அது மங்கினால் ஜனங்களுக்கு உடனே தெரிந்துவிடும்.

உங்கள் சென்டர் ஸ்பீக்கரில் போனது டயஃப்ரம்தானா என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. ஹார்னுக்குத் தனி ஆம்ப்ளிஃபையர் சேனல் இருக்கிற அமைப்பாக இருந்தால், ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட்டு, சென்டர் ஹார்னுக்குப் போகும் வயரையும் இடது ஹார்னுக்குப் போகும் வயரையும் ஆம்ப்ளிஃபையர் பக்கம் மாற்றிச் செருகுங்கள். சத்தத்தைக் குறைத்து வைத்து டெஸ்ட் நாய்ஸ் ஓட்டுங்கள். மங்கல் இடது பக்கத்துக்குப் போய்விட்டால் கோளாறு ஆம்ப்ளிஃபையரிலோ அதற்கு முன்னாலோ இருக்கிறது. சென்டரிலேயே நின்றால் டிரைவரில். டிரைவர் என்றால் முழுசாக மாற்ற வேண்டியதில்லை. பெரும்பாலான கம்பெனி டிரைவருக்கு டயஃப்ரம் மட்டும் தனியாகக் கிடைக்கும். மாற்றிய பிறகு சவுண்ட் இன்ஜினியரை வைத்து ஒருமுறை அளவு பார்த்துவிடுங்கள்.

இனி லேம்ப்புக்கு வருவோம். ஜெனான் லேம்ப்புக்குள் இருக்கும் வாயு, குளிர்ந்திருக்கும்போதே வெளிக்காற்றைவிடப் பல மடங்கு அழுத்தத்தில் இருக்கிறது. எரியும்போது அந்த அழுத்தம் இன்னும் இரண்டு மூன்று மடங்கு ஏறுகிறது. முறையாக அணைத்தால் லேம்ப் அணைந்த பிறகும் ஃபேன் 10, 15 நிமிஷம் ஓடி லேம்ப்பை ஆற்றும். கரண்ட் பட்டென்று போனால் லேம்ப்பும் ஃபேனும் சேர்ந்தே நின்றுவிடும். உள்ளே உள்ள சூடு வெளியே போக வழியில்லாமல் சீல் பக்கமும் எலெக்ட்ரோடு பக்கமும் தேங்கும். அந்த நிலையில் ஜெனரேட்டர் வந்ததும் லேம்ப்பைப் பற்றவைக்கும் ஸ்ட்ரைக் பட்டனை அழுத்தினால், பல ஆயிரம் வோல்ட் துடிப்பு சூடான எலெக்ட்ரோடு முனையில் போய் இறங்கும். ஒருமுறை பற்றாமல், இரண்டாம் முறை, மூன்றாம் முறை என்று அடித்தால் ஒவ்வொன்றும் முனையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். முனை தேய்ந்தால் முனைகளுக்கு நடுவில் எரியும் ஆர்க் ஆடும், திரையில் வெளிச்சம் மினுக்கும், லேம்ப்பின் குவார்ட்ஸ் கண்ணாடி உள்பக்கம் கருக்கும். கருத்த இடம் சூட்டை அதிகமாக வாங்கும். லேம்ப் ஆயுள் அங்கேயே குறைந்துவிடும்.

அதனால் ஜெனரேட்டர் வந்ததும் முதலில் காது கொடுத்துக் கேளுங்கள்: கூரைக்குப் போகும் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுகிறதா? பல தியேட்டர்களில் அந்த ஃபேன் ஏ.சி. போர்டிலிருந்து வயர் இழுக்கப்பட்டிருக்கும். ஏ.சி. ஜெனரேட்டரில் இல்லையென்றால் ஃபேனும் இருக்காது. புரொஜெக்டர் "காற்று ஓட்டம் இல்லை" என்று ஸ்ட்ரைக் ஆகவே மறுக்கும். ஆபரேட்டர் காரணம் தெரியாமல் பட்டனை அழுத்திக்கொண்டே இருப்பார். உங்கள் ஃபேன் எந்த போர்டில் இருக்கிறது என்று நாளைக்கே பாருங்கள். ஃபேன் ஓடத் தொடங்கிய பிறகு இரண்டு மூன்று நிமிஷம் லேம்ப்புக்குக் கொடுங்கள். உங்கள் மாடலின் கையேடு அதைவிட அதிகம் சொன்னால் அதுதான் கணக்கு. இரண்டு முறை அடித்தும் பற்றவில்லை என்றால் நிறுத்திவிட்டு இன்னும் 10 நிமிஷம் ஆற விடுங்கள். கரண்ட் வந்ததும் லேம்ப் தானாக எரியும்படி ஒரு அமைப்பு உங்கள் புரொஜெக்டரில் இருந்தால் அதை இன்றைக்கே அணைத்து வையுங்கள்.

மேனேஜர் மாடியேறி வரும்போது நீங்கள் சொல்ல வேண்டியது சின்னது: "லேம்ப் ஆறோணுங்க, மூணு நிமிசம் பொறுங்க. கீழ போயி அஞ்சு நிமிசத்துல படம் வந்துரும்னு சொல்லுங்க." மாடிக்கு வரும் மேனேஜரால் ஒரு பயனும் இல்லை, ஹாலில் நிற்கும் மேனேஜரால் பெரிய பயன் உண்டு. இதை ஷோ இல்லாத நேரத்தில், டீக்கடையில் உட்கார்ந்து, அவரிடம் பக்குவமாகப் பேசி முடித்துவிடுங்கள். கூட்டம் கத்தும்போது யாருக்கும் காது கேட்காது.

இப்போது வீட்டு இன்வெர்ட்டர். உங்களுடைய ஐந்து நிமிஷத் தாமதத்துக்கு இதுதான் வேர். சாதாரண இன்வெர்ட்டர் ஈ.பி.யிலிருந்து பேட்டரிக்கு மாற விநாடியில் ஒரு சின்னப் பங்கு எடுத்துக்கொள்ளும். டியூப் லைட்டுக்கு அது தெரியாது. சர்வரின் பவர் சப்ளை சில நேரம் தாங்கும், சில நேரம் தாங்காது. ஜெனரேட்டர் வரும்போது இன்னொரு மாற்றம், ஈ.பி. திரும்பும்போது மூன்றாவது. இப்படிப் பட்பட்டென்று விழுந்து எழுவதில் பெரிய ஆபத்து படம் சேமித்திருக்கும் டிஸ்க்குகளுக்குத்தான். மூன்று நான்கு டிஸ்க்கைச் சேர்த்து ஒரு தொகுதியாக வைத்திருப்பார்கள். அதில் ஒன்று தவறினால் படம் ஓடும், ஆனால் பாதுகாப்பு போய்விடும். அதைத் திரும்பக் கட்டியெழுப்பப் பல மணி நேரம் பிடிக்கும். இரண்டாவதும் தவறினால் உள்ளே இருக்கும் படம் மொத்தமும் போச்சு. சர்வரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் டிஸ்க் தொகுதி நல்ல நிலையில் இருக்கிறதா என்று தினமும் காலையில் ஒரு பார்வை பாருங்கள். வியாழக்கிழமை ராத்திரி புதுப் படம் ஏற்றும்போது கரண்ட் போயிருந்தால், பாதி ஏறியதை நம்ப வேண்டாம். அழித்துவிட்டு முழுசாக ஏற்றி, சரிபார்ப்பும் ஓட்டிவிடுங்கள். வெள்ளிக்கிழமை முதல் ஷோவில் மூன்றாவது ரீலுக்குச் சமமான இடத்தில் படம் உறைந்து நின்றால் சமாளிக்கவே முடியாது.

முதலாளியிடம் கேட்க வேண்டியது ஒரு 3 கே.வி.ஏ. ஆன்லைன் யு.பி.எஸ். ஆன்லைன் என்பதை அழுத்திச் சொல்லுங்கள். அதில் மாறும் நேரம் என்பதே கிடையாது, எப்போதும் அதன் உள்ளே இருக்கும் இன்வெர்ட்டர் வழியாகத்தான் கரண்ட் போகிறது, பேட்டரி அதோடு சேர்ந்தே நிற்கிறது. அதில் என்னென்ன போடலாம் என்று கணக்குப் பார்ப்போம். சர்வர், புரொஜெக்டரின் எலெக்ட்ரானிக்ஸ் பகுதி, சவுண்ட் புராசஸர், ஆட்டோமேஷன் பெட்டி, ஒரு மானிட்டர் எல்லாம் சேர்ந்து சுமார் 1,200 வாட் என்று வையுங்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் அரை ஹெச்.பி. சிங்கிள் பேஸ் என்றால் அதற்கு ஒரு 400. மொத்தம் 1,600 வாட். யு.பி.எஸ். 12 வோல்ட், 26 ஆம்ப் ஹவர் பேட்டரி எட்டு போட்டு 96 வோல்ட்டில் ஓடுகிற மாடல் என்றால், 96 பெருக்கல் 26, ஏறக்குறைய 2,500 வாட் ஹவர். ஒரு மணி நேரத்துக்குள் காலி செய்யும்போது பேட்டரி முழுசாகக் கொடுக்காது. 60 சதவீதம்தான் கணக்கில் எடுக்க வேண்டும். யு.பி.எஸ். தனக்கு எடுத்துக்கொள்வதையும் கழித்தால் சுமார் 1,350. அதை 1,600-ஆல் வகுத்தால் 50 நிமிஷம். நமக்குத் தேவை 20 விநாடிதான். மிச்சம் எதற்கென்றால், ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகாத அந்த ஒரு நாளில் லேம்ப்பை ஃபேன் வைத்து ஆற்றவும், சர்வரை முறையாக அணைக்கவும்.

பல டிஜிட்டல் புரொஜெக்டர்களில் லேம்ப்புக்கு ஒரு சப்ளை, எலெக்ட்ரானிக்ஸுக்கு இன்னொரு சப்ளை என்று பிரிக்க வசதி உண்டு. உங்கள் மாடலில் இருந்தால் சர்வீஸ் இன்ஜினியரை வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். நீங்களாகக் கதவைத் திறந்து கை வைக்க வேண்டாம். சில இடங்களைத் திறந்தாலே "யாரோ உள்ளே புகுந்துவிட்டார்கள்" என்று பாதுகாப்புப் பகுதி பூட்டிக்கொள்ளும். லேம்ப்பையும் ஆம்ப்ளிஃபையரையும் இந்த யு.பி.எஸ்.ஸில் போடக்கூடாது. லேம்ப் மட்டுமே 3 கிலோவாட், ஸ்ட்ரைக் ஆகும்போது இன்னும் இழுக்கும், யு.பி.எஸ். ஓவர்லோடு ஆகி சர்வரையும் சேர்த்துச் சாய்த்துவிடும்.

யு.பி.எஸ். வந்த பிறகு புதிதாக ஒரு கவனம் வேண்டும். லேம்ப் அணைந்தாலும் சர்வர் நிற்காது. படம் இருட்டில் ஓடிக்கொண்டே இருக்கும். ஆம்ப்ளிஃபையரைத் தள்ளிய கை அடுத்துப் போக வேண்டிய இடம் பாஸ் பட்டன். பாஸ் போட்டுவிட்டு ஒரு நிமிஷம் பின்னால் இழுத்து வையுங்கள். நின்ற இடத்திலிருந்தே தொடங்கினால் பார்ப்பவர்களுக்குத் தொடர்ச்சி பிடிபடாது.

சர்வர் அணைந்தே போய்விட்ட நாட்களில் பிளேலிஸ்ட்டைத் திரும்ப ஏற்றி நடுவில் குதித்துத்தான் தொடங்குவீர்கள். அப்போது ஒன்று நடக்கும். படத்துக்கு முன்னால் வைத்திருக்கும் கட்டளைகள், அதாவது அகலப் படத்துக்கான ஸ்கோப் லென்ஸுக்கு மாறு, ஹால் லைட்டை அணை, சவுண்டை டிஜிட்டலுக்கு மாற்று என்பதெல்லாம், நீங்கள் தாண்டிக் குதித்ததால் ஓடியிருக்காது. படம் நீண்டு தெரிவது, சத்தமே வராமல் போவது, ஹால் லைட் எரிந்துகொண்டே இருப்பது எல்லாம் இதனால்தான். வெளிச்சத்தை மறைக்கும் ஷட்டரை மூடி வைத்துக்கொண்டு ஃபார்மட், சவுண்ட் சேனல், ஃபேடர் (சத்த) அளவு மூன்றையும் கையால் போட்டுவிட்டு, பிறகு பிளே கொடுத்து, வசனம் காதில் விழுந்ததும் ஷட்டரைத் திறந்து ஹால் லைட்டை இறக்குங்கள். சர்வரில் படத்தைத் திறக்கும் லைசென்ஸ் சாவியின் முடிவு நேரத்தையும் கவனித்துக்கொள்ளுங்கள். படத்தின் கடைசி நாள் இரவுக் காட்சியில் தாமதமாகி, சாவி முடிந்த பிறகு சர்வரைத் திரும்ப எழுப்பினால் படம் திறக்காமல் போகலாம். அப்படி ஒரு நாள் வரும் என்று முன்பே தெரிந்தால் விநியோகஸ்தரிடம் கூடுதல் நேரம் கேட்டு வாங்கி வைப்பது நல்லது.

ஈ.பி. திரும்பும்போது இரண்டாவது முறை நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள். இதற்குக் காசே தேவையில்லை. ஈ.பி. போனால் ஜெனரேட்டரைத் தானாக எழுப்பும் ஏ.எம்.எஃப். பேனல், ஈ.பி. வந்து ஓரிரு நிமிஷம் பார்த்துவிட்டு, ஜெனரேட்டரைக் கழற்றி ஈ.பி.யை மாட்டும். நடுவில் ஒரு விநாடிபோல இரண்டுமே இருக்காது. லேம்ப் அணைய அது போதும். ஷோ ஓடும்போது ஜெனரேட்டர் ஒருமுறை வந்துவிட்டால், பேனலின் செலக்டரை மேனுவலில் போட்டு, இடைவேளை வரைக்கும் அல்லது படம் முடியும் வரைக்கும் ஜெனரேட்டரிலேயே ஓட்டுங்கள். ஆடிக்காத்தில் ஈ.பி. வந்த பத்து நிமிஷத்தில் திரும்பப் போவதும் சகஜம். தென்னை மட்டை லைனில் உரசினால் ஃபீடர், அதாவது சப் ஸ்டேஷனிலிருந்து வரும் லைன், டிரிப் ஆகும், சப் ஸ்டேஷனில் திரும்பப் போட்டுப் பார்ப்பார்கள், மட்டை விழாமல் தொங்கினால் மறுபடி டிரிப். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நேராக அடிக்கிற பொள்ளாச்சி, உடுமலை, தாராபுரம் தியேட்டர்காரர்களுக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும். டீசல் செலவு ஆகிறது என்று முதலாளி சொல்லலாம். 62.5 கே.வி.ஏ. பாதி லோடில் மணிக்கு 8 லிட்டர் அளவில் குடிக்கும். 45 நிமிஷத்துக்கு 6 லிட்டர். ஒரு லேம்ப்பின் விலையையும், பாதியில் எழுந்து போய்க் காசு திருப்பிக் கேட்கும் கூட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்த 6 லிட்டர் சின்னச் செலவு. படம் முடிந்ததும் செலக்டரை மறக்காமல் ஆட்டோவுக்குக் கொண்டுவாருங்கள். மேனுவலில் விட்டுப் போனால் அடுத்த முறை ஜெனரேட்டர் தானாக எழாது.

மாற்றும் முன் பேனலில் மூன்று பேஸ் வோல்டேஜையும் பாருங்கள். ஒவ்வொன்றும் நியூட்ரலுக்கு 230-ஐ ஒட்டி இருக்க வேண்டும். ஒன்று 180, இன்னொன்று 280 என்று காட்டினால் நியூட்ரல் எங்கோ விட்டிருக்கிறது. அந்த நிலையில் மாற்றினால் சவுண்ட் ரேக், யு.பி.எஸ்., கேன்டீன் ஃப்ரிட்ஜ் எல்லாம் ஒரே அடியில் போகும். ஒரு பேஸ் மட்டும் இல்லையென்றால் மோட்டார்கள் முனகும். வோல்டேஜ் கூடினாலும் குறைந்தாலும் கழற்றிவிடும் ரிலே பேனலில் இல்லையென்றால் போடச் சொல்லுங்கள்.

ஜெனரேட்டரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 2012 வாக்கில் நம் கோவை, திருப்பூர், ஈரோட்டுப் பக்கம் தினம் பல மணி நேரம் கரண்ட் இல்லாத காலத்தில் ஜெனரேட்டர் ஓடாத நாள் இல்லை. அதனால் அது எப்போதும் தயாராக இருந்தது. இன்றைக்குக் கரண்ட் நன்றாக இருக்கிறது. ஜெனரேட்டர் வாரக்கணக்கில் சும்மா கிடக்கிறது. கிடப்பதால் கெடுகிறது. ஸ்டார்ட் ஆகாத ஜெனரேட்டரில் முதல் சந்தேகம் பேட்டரிமேல்தான். அடிக்காமல் நிற்கும்போது 12.6 வோல்ட் காட்ட வேண்டும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது 10-க்குக் கீழே இறங்கினால் பேட்டரியின் காலம் முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். சார்ஜர் ஃபியூஸ் போய்ப் பல நாள் யாருக்கும் தெரியாமல் இருப்பது வழக்கமான கதை. டெர்மினலில் வெள்ளை பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றிக் கழுவித் துடைத்து, இறுக்கி, வாசலின் தடவுங்கள். வாங்கிய மாதத்தையும் வருஷத்தையும் பேட்டரிமேல் பெயின்டில் எழுதி வையுங்கள்.

பேட்டரி நன்றாக இருந்தும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் சிவப்பு எமர்ஜென்சி பட்டனைப் பாருங்கள். கூட்டுகிறவர்கள் கை பட்டு அமுங்கியே கிடக்கும். சுற்றி வெளியே இழுத்தால் சரியாகிவிடும். அடுத்து, சர்வீஸுக்கு வந்தவர் செலக்டரை ஆஃபில் விட்டுப் போயிருப்பார். அதற்கடுத்து டீசல். டேங்க் காலியாகி நின்றிருந்தால் டீசல் ஊற்றினால் மட்டும் போதாது. லைனில் காற்று பிடித்திருக்கும். ஃபில்டர்மேல் உள்ள ப்ளீடிங் ஸ்க்ரூவைத் தளர்த்தி, கைப் பம்பை அடித்து, குமிழி இல்லாமல் டீசல் வரும்வரை விட்டுப் பிறகு இறுக்க வேண்டும். டேங்க் எப்போதும் பாதிக்கு மேல் இருக்கட்டும். எஞ்சின் ஓடும்போதோ சூடாக இருக்கும்போதோ டீசல் ஊற்றவே கூடாது.

வாரம் ஒரு நாள், காலை ஷோவுக்கு முன், 20 நிமிஷம் ஓட்டுங்கள். லோடு இல்லாமல் ஓட்டினால் நன்மையைவிடத் தீமை அதிகம். எஞ்சின் போதுமான சூடு ஏறாமல், எரியாத டீசலும் கரியும் சைலன்ஸரில் பிசுக்காக வடியும். இரண்டு ஏ.சி. யூனிட்டைப் போட்டுக் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு லோடாவது கொடுங்கள். மாதம் ஒருமுறை ஈ.பி. மெயினையே இறக்கிவிட்டு, பேனல் தானாக எழுப்புகிறதா, எத்தனை விநாடி ஆகிறது என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். அதே நேரத்தில் ஹாலில் ஒருவரை நிறுத்தி, எமர்ஜென்சி லைட்டும் படி விளக்கும் வாசல் மேல் போர்டும் எரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒரு தடவை எரிந்தால் போதாது. அரை மணி நேரம் நின்று எரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஏ.சி.க்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. கம்ப்ரஸர் நின்றால் மூன்று முதல் ஐந்து நிமிஷம் கழித்துத்தான் திரும்ப எழ வேண்டும், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஒரு நிமிஷமாவது இடைவெளி வேண்டும். எல்லாம் சேர்ந்து எழுந்தால் ஜெனரேட்டர் வோல்டேஜ் குழி விழுந்து, நீங்கள் அப்போதுதான் பற்றவைத்த லேம்ப் திரும்ப அணையும். உங்கள் 62.5 கே.வி.ஏ. என்பது 50 கிலோவாட். லேம்ப், சவுண்ட், விளக்கு, கேன்டீன், தண்ணீர் மோட்டார் எல்லாம் போக மிச்சத்தில் 11 டன் யூனிட் இரண்டு தாராளமாக ஓடும், மூன்றாவது இழுபறி. எது எது ஜெனரேட்டரில் என்று எழுதி பேனல் கதவிலேயே ஒட்டிவிடுங்கள். தண்ணீர் மோட்டாரையும் பாப்கார்ன் மெஷினையும் ஷோ ஓடும்போது சேர விடாமல் பார்த்துக்கொள்ளும்படி கேன்டீன் அக்காவிடமும் சொல்லி வையுங்கள்.

கூட்டம் இருட்டில் உட்கார்ந்திருக்கும் முதல் ஒரு நிமிஷம்தான் நிஜமான ஆபத்து, மிஷினுக்கு அல்ல, மனுஷருக்கு. பால்கனிப் படியில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்குகிறவர் இருப்பார். ஒவ்வொரு வாசலுக்கும் டார்ச்சோடு ஒருவர், கதவு தாழ்ப்பாள் திறந்த நிலையில். மைக் சவுண்ட் ரேக்கில் இருந்தால் அப்போது வேலை செய்யாது. பேட்டரியில் ஓடும் கை மெகாஃபோன் ஒன்று டிக்கெட் கவுன்ட்டரில் இருக்கட்டும். எத்தனை நிமிஷம் ஆகும் என்று உண்மையைச் சொன்னால் நம் ஊர் ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள். விவரம் தெரியாமல் இருட்டில் உட்கார வைத்தால்தான் விசில் பறக்கும். 20 நிமிஷத்துக்குமேல் ஆகும் என்று தெரிந்தால் அடுத்த ஷோவுக்கு டோக்கனா, பணமா என்று முடிவு செய்ய வேண்டியவர் மேனேஜர். அதை அவர் முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருக்க வேண்டும்.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை பெரும்பாலும் காலை 9 மணிக்குத் தொடங்கிச் சாயங்காலம் வரை போகும். காலைக் காட்சியும் மதியக் காட்சியும் அதில் மாட்டும். அறிவிப்பு துணை மின் நிலையத்தின் பெயரில் வரும். உங்களுக்கு எந்தத் துணை மின் நிலையம், எந்த ஃபீடர் என்று ஈ.பி. ஆபீஸில் கேட்டு பூத் சுவரில் எழுதுங்கள். மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987-ஐயும் பக்கத்தில் எழுதுங்கள். புகார் சொல்வதற்கு முன் வெளியே எட்டிப் பாருங்கள். தெருவில் கரண்ட் இருந்து உங்களுக்கு மட்டும் இல்லையென்றால் கோளாறு உங்கள் பக்கம்.

எர்த்திங்கை யாரும் நினைப்பதில்லை. நம் மண்ணில் செம்மண்ணுக்கு அடியில் சுக்கான்கல்லும் பாறையும். பங்குனி, சித்திரையில் ஈரம் வற்றினால் எர்த் பிட் இருந்தும் இல்லாத கணக்குத்தான். யு.பி.எஸ். சாக்கெட்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் மீட்டர் வைத்துப் பாருங்கள், 3 வோல்ட்டுக்குமேல் காட்டினால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். கோடையில் பிட்டுக்கு வாரம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். கோடை இடிக்கு சர்ஜ் அரெஸ்டர் போட்டாலும், எர்த் சரியில்லையென்றால் அது வீண். வயரிங்கில் எதை மாற்றினாலும் லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டர் வழியாகவே செய்யச் சொல்லுங்கள். தியேட்டர் நடத்துவதற்கான சி ஃபார்ம் லைசென்ஸ் புதுப்பிக்க மின் ஆய்வாளரின் சான்றிதழ் வேண்டுமே.

முதலாளி சொன்ன பழிக்கு வருகிறோம். புரொஜெக்டர் மெனுவில் லேம்ப் எத்தனை மணி எரிந்தது, எத்தனை முறை ஸ்ட்ரைக் ஆனது என்று இரண்டும் இருக்கும். பழைய லேம்ப்பின் பதிவும் பெரும்பாலும் அதிலேயே கிடைக்கும். ஒரு நாளில் நான்கு ஷோ, ஒவ்வொன்றுக்கும் அணைத்து ஏற்றினால் நான்கு ஸ்ட்ரைக். அதைவிட எவ்வளவு கூடுதலாக இருக்கிறதோ அது மின்தடைக் கணக்கு. ஆனால் லேம்ப் சீக்கிரம் போக வேறு காரணங்களும் உண்டு. ஃபில்டர் அடைப்பு அதில் முக்கியம். பக்கத்தில் ஸ்பின்னிங் மில்லோ தறிக்கூடமோ இருந்தால் பஞ்சுத் தூசு ஃபில்டரில் கம்பளிபோலப் படிந்துவிடும். பல்லடம், சோமனூர் பக்கம் வாரம் ஒருமுறை கழற்றி ஊதாவிட்டால் காற்று ஓட்டமே இருக்காது. திரை மங்குகிறது என்று லேம்ப்புக்குப் போகும் கரண்ட்டை வரம்புக்குமேல் ஏற்றி வைத்திருந்தாலும் ஆயுள் குறையும்.

ஒரு நீள நோட்டு வாங்கி, தேதி, ஈ.பி. போன நேரம், ஜெனரேட்டர் வந்த நேரம், ஸ்ட்ரைக் நேரம், எத்தனையாவது அடியில் பற்றியது, லேம்ப் மணி, மூன்று பேஸ் வோல்டேஜ் என்று எழுதி வாருங்கள். இரண்டு மாசப் பதிவை முதலாளி முன் வைத்தால், யு.பி.எஸ். கேட்க நீங்கள் தனியாகப் பேச வேண்டியிராது.

புது லேம்ப் மாட்டும் நாளில் ஒரு எச்சரிக்கை. கரண்ட் போய் ஃபேன் ஓடாமல் நின்ற லேம்ப் ஹவுஸை அரை மணி நேரத்துக்குள் திறக்காதீர்கள். முகக் கவசம், தடித்த கையுறை, மேல்கோட்டு மூன்றும் இல்லாமல் பழைய லேம்ப்பைத் தொடவே தொடாதீர்கள். போன லேம்ப்பிலும் அழுத்தம் அப்படியேதான் இருக்கிறது. கழற்றியதும் புது லேம்ப் வந்த கவசப் பெட்டியிலேயே வைத்து, கம்பெனியிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

யு.பி.எஸ். வாங்கும் முன் உங்கள் புரொஜெக்டர் மாடல், சர்வர் மாடல், எக்ஸாஸ்ட் ஃபேன் மோட்டாரின் தகட்டில் உள்ள ஆம்ப், மூன்றையும் எழுதி அனுப்புங்கள். எத்தனை பேட்டரி, எத்தனை ஆம்ப் ஹவர் என்று சரியாகக் கணக்குப் போட்டுச் சொல்கிறோம்.